பாலை மரத்திலிருந்து மூன்றாவது சிலுவை

என் பிள்ளைகளைப் பெற்ற பாக்கியத்துக்கு,

முதலில் ஒரு புதினம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. இதை நானே எழுதுகிறேன். ஆம், உன் மனுசன்தான். ஒரு பக்கம் எழுத ஒரு பின்னேரம் முழுதும் போய்விடுகிறது. மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைக்குப் பேனை பிடிக்க நோகிறது. ஆனாலும் எழுதி முடித்த வரியைத் தூரத்தில் பிடித்துப் பார்க்கும்போது, வயலில் முதல் தண்ணீர் ஏறுவதைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற ரெஜினாதான் படிப்பிக்கிறா, எங்களுக்கு அவ ரீச்சர். போன முதல் நாளே கேட்டா, "சூசை ஐயா, முதல்ல எதை எழுதப் பழகப்போறியள்? உங்கட பேரையோ?" நான் உன் பெயரைச் சொன்னேன். மற்றவர்கள் ஊளையிட்டார்கள். எனக்கென்ன வெட்கம்?

இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறேன். பரந்தன் சந்தியில் நின்று, 'கோழித்தீன் உண்டு', 'இங்கே சைக்கிள் விட வேண்டாம்' என்று சத்தமாக வாசித்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர், "ஐயா, மனசுக்குள்ள வாசியுங்கோ," என்றார். "மனசுக்குள்ள வாசிக்கிற பாடம் இன்னும் வரேல்லை, தம்பி," என்றேன்.

அந்தச் சந்தியில் நான் அதிகம் வாசிக்கிற பலகை பஸ்ஸின் நெற்றியில் இருக்கிறது. வவுனியா. உன் மகன் இருக்கிற ஊர். பஸ் வரும், வாசிப்பேன், ஒரு கால் முன்னுக்குப் போகும். பஸ் போய்விடும். நான் வீட்டுக்குத் திரும்புவேன். வீட்டில் இருக்கவும் முடியாது. கதிரையில் இருந்தால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் வாசல் படலைக்குப் போகச் சொல்கிறது. என்ன செய்ய?

குமார் என்னோடு கதைப்பதில்லை, பாக்கியம். உன்னை அடக்கம் செய்த நாளிலிருந்து. செல்வியும் அண்ணன் பக்கம். நான் போன் எடுத்தால், "சாப்பிட்டீங்களோ? சரி, வைக்கிறன்," என்று வைத்துவிடுவாள்.

ஏன் என்று உனக்குத் தெரியாமலும் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து இவ்வளவு காலமாகியும் உன் தோட்டத்துப் பேச்சு மாறவில்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "இந்தாங்க, என்னைய எரிக்க வேணாம். நம்ம கோயில் மண்ணுல வச்சிருங்க," என்று சொன்னாய். நானும் நீயும் வயது போன பிறகு ஞானஸ்நானம் எடுத்தவர்கள். பிள்ளைகள் சைவமாகவே இருந்தார்கள், அதில் வீட்டில் ஒரு சண்டையும் இருந்ததில்லை. குமார் உனக்கு வெற்றிலை வாங்கி வந்துவிட்டுத்தான் தன் கோயிலுக்குப் போவான்.

ஆனால் செத்த வீட்டில் முற்றத்தில் நின்று கேட்டான், "அம்மாவுக்கு நான் ஒரே ஆம்பிளைப் பிள்ளை. கொள்ளி வைக்கிறது என்ர உரிமை. அதையும் உங்கட சாமி எடுத்திட்டாரோ?"

"அம்மா கேட்டவா, தம்பி."

"எனக்கு முன்னால கேட்டவாவோ?"

நீ கேட்டபோது அவன் உனக்குப் பிளேன்ரீ வாங்கக் கன்ரீனுக்குப் போயிருந்தான். அவன் கிளாஸோடு வந்தபோது நீ கண்ணை மூடிவிட்டாய். கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? அல்லது அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல உனக்கும் பயமாக இருந்ததா?

நான் கதை கட்டிவிட்டேன் என்றுதான் அவன் இன்றைக்கும் நினைக்கிறான். நெருப்பு வைக்க வேண்டிய கையை வெறுங்கையாகத் தொங்கவிட்டுக்கொண்டு அவன் படலையால் போனது இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. உன் சொல்லை நான் காப்பாற்றினேன். அவன் கை வெறுங்கையாகவே இருக்கிறது. இரண்டும் உண்மைதானே?

பாதரிடம் போய்ச் சொன்னேன். "பொறுமையா இருந்து செபியுங்கோ," என்றார்.

"செபிக்கிறன், பாதர். கால் இருக்க விடுதில்லை."

"அப்ப நடந்து நடந்து செபியுங்கோ."

அதுதான் செய்கிறேன். செபமாலையை உருட்டிக்கொண்டு வாய்க்கால் கரையால் சந்தி வரை நடப்பேன். சில நாள் ஆண்டவரோடு சண்டையும் பிடிப்பேன். நீர் சொன்னபடி வந்தவர்கள் நாங்கள், பிள்ளைகளை ஏன் விலக்கினீர் என்று கேட்பேன். அவர் பதில் சொல்வதில்லை. ஆனால் என்னைத் துரத்திவிட்டதுமில்லை. கோபத்தோடு போகிறவனையும் இருக்கவிடுகிற ஓர் இடம் எனக்கு இருக்கிறது. அது இல்லாவிட்டால் எப்போதோ விழுந்திருப்பேன்.

போன மாதம் செபக் கூட்டத்தில் என்னை வேதாகமம் வாசிக்க விட்டார்கள்! ஊரைவிட்டுப் போன மகன் திரும்பி வர, தகப்பன் தூரத்திலேயே கண்டு ஓடிப்போகிற கதை. நான் எழுத்துக் கூட்டி வாசித்ததில் அந்தத் தகப்பன் மகனிடம் போய்ச் சேர நெடுநேரம் எடுத்தது. ஒரு சொல்லில் தடக்கி நிற்பேன், அவரும் வழியில் நிற்பார். பின்னாலிருந்து ஒருவர், "சூசை அண்ணை, கெதியாப் போய்ச் சேருங்கோ, எனக்குப் பஸ் போகப்போகுது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபோது சிரிப்பு போய்விட்டது. அந்த மனுசன் ஓடினார். நான் சந்தி வரை மட்டும் போகிறேன்.

இனித்தான் பெரிய புதினம். மனதைத் திடப்படுத்திக்கொள்.

வாசிக்கத் தெரிந்ததும் உன் சிலுவையில் உன் பெயரை நானே வாசிக்க வேண்டும் என்று, உன்னை வைத்த சேமக்காலைக்குப் போனேன். பாலை மரத்திலிருந்து இரண்டாவது சிலுவை. நான் வழக்கமாக மெழுகுதிரி கொளுத்தி, முழங்காலில் நின்று, உன்னோடு கதைக்கிற இடம். பாசியைத் துடைத்து, விரல் வைத்து வாசித்தேன். முதல் எழுத்து 'பா' இல்லை. கொத்தனார் பிழைவிட்டுவிட்டார் என்று நினைத்து இன்னொரு தரம் வாசித்தேன். கஸ்பார்.

பாக்கியம், கஸ்பார் கள்ளுச் சீவின மனுசன்! என் முழங்கால் நோவு, செல்வி போனை வைக்கிற கதை, உன் கறியில்லாமல் சோறு இறங்காத கதை எல்லாவற்றையும் இத்தனை வருடமும் அந்த மனுசனிடமா சொன்னேன்?

எப்படி நடந்தது என்று பிறகுதான் விளங்கியது. உன்னை வைத்தபோது மரத்திலிருந்து நீ இரண்டாவது. இரணைமடுக் குளத்துக் கதவு திறந்து வெள்ளம் வந்தபோது மரச் சிலுவைகள் போய்விட்டன. கோயிலார் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சீமெந்துச் சிலுவை நட்டபோது, நான் கண் ஒப்பரேசனுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தேன். மரத்தடியில் முன்பே மண்ணோடு மண்ணாகிப்போன ஒரு பச்சைப் பிள்ளையின் குழிக்கும் சேர்த்து நட்டிருக்கிறார்கள். அப்படிக் கஸ்பார் இரண்டாவதாகி, நீ மூன்றாவதாகிவிட்டாய். நான் பழைய கணக்கில் போய் நின்றேன். யாரிடமாவது கேட்கலாமே என்பாய். மனைவியின் குழி எது என்று எந்த வாயால் கேட்பது?

மூன்றாவது சிலுவைக்கு நகர்ந்தேன். பாக்கியம். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். கீழே ஒரு சிட்டி விளக்கு இருந்தது, சீமெந்தில் கற்பூரம் எரிந்த கறுப்பு இருந்தது. பக்கத்தில் மடித்த வெற்றிலை, காய்ந்துபோய். நுனியைக் கிள்ளி மடித்தது. உனக்கு அப்படி மடித்துத் தருகிறவன் ஒருவன்தான்.

அந்த விளக்கை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். 'பக்கத்துக் குழிக்காரருக்கு நல்ல பிள்ளைகள் வாய்த்திருக்கு, எங்களுக்குத்தான் இல்லை,' என்று கஸ்பாரிடம் குறை சொல்லியும் இருக்கிறேன்.

கோயில் மூப்பரிடம் ஓடினேன். சேமக்காலையைப் பார்க்கிறவர் அவர்தான்.

"மூப்பர், நான் கஸ்பாருக்கு மெழுகுதிரி கொளுத்திறது உங்களுக்குத் தெரியுமோ?"

"ஊருக்கே தெரியுமே. அவற்ற பிள்ளையள் எல்லாம் வெளிநாடு. சூசை அண்ணைக்குப் பெரிய மனசு எண்டுதான் எல்லாரும் கதைக்கிறது."

"என்ர மனுசியை விட்டிட்டோ?"

"அவாவை மகன் பாக்கிறார்தானே? நீங்கள் ரெண்டுபேரும் பங்கு பிரிச்சிருக்கிறியள் எண்டெல்லோ நினைச்சம்."

"குமார் வாறவனோ?"

"ஓம், மோட்டார் சைக்கிள்ல. ஒவ்வொரு வருசமும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு, சனம் குழியளுக்குத் திரி கொளுத்த வர முதல் வந்திட்டுப் போயிடுவார். ஒருக்கா கேட்டவர், அப்பா இஞ்ச வாறவரோ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"உள்ளதைத்தான். வாறவர், பக்கத்துக் குழிக்குக் கொளுத்திப்போட்டுப் போறவர் எண்டு."

"அதுக்கு அவன்?"

"ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போயிட்டார்."

அன்றிலிருந்து நான் ஒரு இடத்தில் இல்லை. என்ன நினைத்திருப்பான்? தாயைப் புதைக்க அவ்வளவு பிடிவாதம் பிடித்த மனுசன், அவள் குழிக்கு ஒரு திரிகூடக் கொளுத்தவில்லை என்றுதானே? அவனுக்குப் போன் எடுத்தேன், எடுக்கவில்லை. செல்விக்கு எடுத்தேன். வைக்க முதல் அவசரமாகச் சொன்னேன், "செல்வி, வைக்காதை. நான் இவ்வளவு காலமும் அம்மா எண்டு நினைச்சுக் கஸ்பாரோட கதைச்சிருக்கிறன்."

அவள் வைக்கவில்லை.

"எந்தக் கஸ்பார்? கள்ளுக் கஸ்பாரோ?"

"ஓம்."

ஏதோ ஒரு சத்தம் கேட்டது. சிரிப்போ அழுகையோ தெரியவில்லை. பிறகு அவள் வைத்துவிட்டாள். ஆனால், பாக்கியம், அவள் ஒரு கேள்வி கேட்டாள்! எத்தனை வருடத்துக்குப் பிறகு!

ரெஜினா ரீச்சர் இதைக் கோயில் இதழில் போடுவம் என்கிறா. போடட்டும். ஊர் சிரிக்கட்டும். யாராவது குமாரின் கையில் கொடுக்கட்டும்.

கற்பூரக் கறுப்பைத் துடைத்து வெள்ளை அடிக்கட்டுமா என்று மூப்பர் கேட்டார். அது இருக்கட்டும் என்றேன்.

திருநாள் வருகிறது, மழையும் வருகிறது. நெருப்புப்பெட்டி நனையாமல் இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறேன். பொழுது விடியும்போதே வந்து உன் சிலுவையடியில் இருப்பேன். இந்த முறை சரியான சிலுவை. கஸ்பாருக்கு ஒரு திரி கொளுத்துவேன், இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருந்தாரே. உனக்கு நான் கொளுத்த மாட்டேன், கோபிக்காதே. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் எழும்பி வாசலுக்குப் போவேன். என் முழங்காலோடு அதை ஓட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் போவேன். பெட்டியை அவன் கையில் வைத்து, "அம்மாவுக்கு முதல் நெருப்பு நீ வை, தம்பி," என்பேன்.

அவன் வராவிட்டால் பரந்தன் சந்திக்குப் போவேன். பலகையை வாசித்துவிட்டு, இந்தமுறை ஏறிவிடுவேன். பெட்டி என் சட்டைப் பையிலேயே இருக்கும். அவன் வந்து கொளுத்துகிற வரைக்கும் உன் திரி காத்திருக்கட்டும். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

குமாருக்கும் செல்விக்கும் அப்பா,
உன் மனுசன்,
சூசை
(என் கையாலேயே எழுதியது)