அம்மாவின் பெட்டிகளில் ஒரு வாசகர் கடிதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, மற்றபடி பசிக்கிறது, தூக்கம் வருகிறது, குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் என்னைவிட நன்றாக இருக்க வேண்டும், அவளுக்கு அந்த வறட்டு இருமல் நின்றதா என்று எழுது. போனிலேயே பேசிவிடலாமே, காகிதம் எதற்கு என்று கேட்பாய். அம்மா பேச்சை எடுத்தாலே உனக்கு அடுப்பில் ஏதோ தீய்ந்துவிடுகிறது, போனை வைத்துவிடுகிறாய். அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா போன பிறகு அவள் நடத்திய பத்திரிகையின் காகிதங்களை நூலகத்துக்குக் கொடுத்தோமே, இதுவரை ஆராய்ச்சிக்காரர்களுக்கு மட்டும் காட்டிவந்த அவற்றை இந்த மாதக் கடைசியில் எல்லோரும் படிக்கத் திறந்துவிடப் போகிறார்கள். அதில் நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அதை மற்றவர்கள் படிக்க வைப்பதா, நமக்குத் திருப்பிக் கொடுப்பதா என்று நீதான் சொல்ல வேண்டுமாம், தகப்பன் சொன்னால் செல்லாதாம்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று நீ கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். பெட்டிகள் போன அன்று நீ, எல்லாத்தையும் அவங்களுக்கே குடுத்துடுங்கப்பா, எனக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வேணாம் என்றாய். எனக்கும் முன்னறை காலியானதில் சந்தோஷம்தான், ஒரு கட்டில் வாங்கிப் போட்டேன். ஆனால் காலமெல்லாம் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்தவனுக்கு எட்டிப் பார்க்கிற புத்தி எங்கே போகும். உன் அம்மா உயிரோடு இருந்தவரை அந்தப் பத்திரிகையில் நான் கடைசிப் பக்கத்தைத் தவிர வேறெதையும் படித்ததில்லை. சோஷலிசம், சமாதானம் என்று அப்படி என்னதான் எழுதித் தள்ளினாள் என்று இப்போது குடைச்சல் எடுக்க, ஒரு நாள் குடையோடு கிளம்பிவிட்டேன். வாசலிலேயே குடை, பை, பேனா எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சிலைக் கையில் கொடுத்தாள் அங்கே பொறுப்பில் இருக்கும் பெண். உன் வயதுதான் இருக்கும். ஒரு தாளை நீட்டி, எதைப் பத்தி ஆராய்ச்சி பண்றீங்கன்னு இதுல எழுதுங்கய்யா என்றாள். நான் மனைவி என்று எழுதினேன். அவள் சிரிக்காமல் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள்.

அதிலிருந்து வாரத்தில் பாதி நாள் அங்கேதான். அம்மா புதுத் தாளில் எழுதுகிற வழக்கமே கிடையாது, அது உனக்கும் தெரியும். வேலைநிறுத்த நோட்டீஸ், சினிமா விளம்பரம், எதன் பின்பக்கம் காலியாக இருந்தாலும் அதில்தான் தலையங்கம். என்னுடைய மீட்டர் ரீடிங் சீட்டு ஒரு கட்டு காணாமல் போய், வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடி, ஆபீசில் பாட்டு வாங்கினேனே, அந்தக் கட்டு முழுக்கப் போர் வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரத் தம்பி அதை ரொம்ப முக்கியமான ஆவணம் என்றார், எங்கள் ஆபீசில் சொல்லிப் பாருங்கள் என்றேன். அப்புறம் ஒரு பெட்டி, மேலே சிவப்புப் பென்சிலில் எதிர்ப்பு என்று அவள் கையெழுத்து. போர்க் காலத்தில் சைக்கிள் கடை மாடியில் இருந்த அவளுடைய ஆபீசின் மேல் கல் விழுந்து ஜன்னல் நொறுங்கியதே, அந்தச் சமயத்தில் வந்த வசவுக் கடிதங்கள் அத்தனையும் அதில் பத்திரமாக இருக்கின்றன. துரோகி என்று திட்டியவர்கள் ஒரு பக்கம், கூலிப் பிரச்சினையை விட்டுவிட்டு எங்கோ எல்லையில் நடக்கிற சண்டையைப் பேசுகிறாய் என்று கோபித்துக்கொண்ட அவளுடைய தோழர்கள் இன்னொரு பக்கம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் எந்தப் பக்கம், என்ன அளவு எழுத்து, ஒரு சொல்லையும் மாற்றாதே என்று அச்சுக்கோப்பவருக்குக் குறிப்பு. பாராட்டி எழுதியவர்களைத்தான் கண்டபடி வெட்டியிருக்கிறாள், திட்டியவர்கள் மேல் கத்தரி வைக்கவே இல்லை. அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்பது போல நானும் ஒவ்வொன்றாக ருசித்துப் படித்துக்கொண்டே வந்தேன். நடுவில் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று வந்தது, உன் கையெழுத்து.

நீ மறந்திருக்கலாம். அப்போது ஐந்தாம் வகுப்பு. அம்மா ஊர் ஊராகச் சமாதானக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், குறை இருந்தா ஆசிரியருக்கு எழுது என்று கிண்டல் பண்ணுவாள். நீ நிஜமாகவே எழுதி, ஆபீஸ் மாடிப்படியில் இருந்த வாசகர் கடிதப் பெட்டியில் போட்டிருக்கிறாய். பார்த்து எழுதிக்கொள்ள அந்த நூலகப் பெண் அனுமதித்தாள், அப்படியே தருகிறேன். மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் பத்திரிகையைத் தவறாமல் பார்க்கிறேன், படிப்பதில்லை. எந்த நாட்டுக் குழந்தையாக இருந்தாலும் அது நம் குழந்தை என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். எங்கள் பள்ளி நாடகத்தில் நான் மரமாக நின்றேன். எல்லோருடைய அம்மாவும் வந்திருந்தார்கள். நான் எந்த நாட்டுக் குழந்தை என்று தெரிவிக்கவும். இப்படிக்கு, தங்கள் வாசகி. கடைசி வரிசையில் நான் உட்கார்ந்திருந்ததை நீ எழுதவில்லை, போகட்டும். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது, அப்புறம் எழுத்து தெரியவில்லை. அந்தப் பெண் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தவள், காகிதம் இருக்கும் இடத்தில் தண்ணீர் கூடாது என்று நினைவு வந்து, என்னை வெளியில் கூட்டிப்போய்க் குடிக்க வைத்தாள்.

அதற்கு அம்மா என்ன பதில் போட்டாள் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வருஷத்து இதழ்களை எல்லாம் எடுத்துத் தரச் சொல்லி ஒன்று விடாமல் பார்த்துவிட்டேன். உன் கடிதமும் இல்லை, பதிலும் இல்லை. மறுபடி போய் அந்தத் தாளையே நன்றாகப் பார்த்தேன். மற்ற கடிதங்களைப் போலவே அதிலும் ஓரத்தில் குறிப்பு இருக்கிறது. முதல் பக்கம், பெரிய எழுத்து, ஒரு சொல்லையும் மாற்றாதே. பிறகு அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, எழுதியவர் சிறுமி, வளர்ந்த பிறகு கேட்டுத்தான் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். உன் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பதில் தெரியாததால்தான் முதல் பக்கத்தில் போட நினைத்தாளோ என்னவோ. இதை எழுதி உன் மனதை இளக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே, உன் கோபம் உன்னுடையது, அதில் நான் தலையிடமாட்டேன். வேண்டாம் என்றால் நானே போய் வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுவேன். ஆனால் மிச்சத்தையும் நீ தெரிந்துகொண்டுதான் சொல்ல வேண்டும். அந்தக் குறிப்புக்குக் கீழே வேறு வேறு மையில் இன்னும் சில வரிகள் இருக்கின்றன. பரீட்சை முடியட்டும். வேலை கிடைக்கட்டும். கல்யாணம் ஆகட்டும். எல்லாவற்றுக்கும் கீழே, கை நடுங்க ஆரம்பித்த பிறகு எழுதியது, பென்சிலில், எப்படிக் கேட்பது.

போலீசுக்கும் கல்லுக்கும் பயப்படாதவள் உன்னிடம் கேட்கப் பயந்திருக்கிறாள் அம்மா. அவளுக்காக நான் கேட்கிறேன், எல்லோரும் படிக்கப் போடலாமா? போடலாம், வேண்டாம், எதுவானாலும் போனில் சொல்லாதே, உன் கையால் எழுதி அனுப்பு, உன் பதிலையும் அந்தப் பெட்டியில் சேர்த்து வைப்பார்களாம். மாப்பிள்ளைக்கு என் அன்பு, சின்னவளுக்கு முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். மாதக் கடைசிக்கு முன்னால் வந்து சேரும்படி தபாலில் போடு.

என்றும் உன் நினைவில்,
அப்பா