பிறகு பார்

இன்று காலை உன் அம்மாவின் மருந்துக் குளிசை மட்டையைத் தேடினேன். தலையணைக்கு அடியில், உன் பழைய இங்கிலீஷ் கொப்பிக்குள் செருகி வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'வெரி குட்'. நீ போய் இத்தனை வருடமாகியும் அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

தன்னாமுனை ரியூசன் கொட்டில் நினைவிருக்கிறதா? 'லுக் ஆஃப்டர்' என்றால் என்னவென்று சேர் கேட்டார். உன்னை முந்த வேண்டுமென்று எழுந்தேன். லுக் என்றால் பார், ஆஃப்டர் என்றால் பிறகு. "பிறகு பார்" என்றேன். கொட்டிலே சிரித்தது. நீ சிரிக்கவில்லை, அதுதான் எனக்குக் கூடுதல் கோபம். மெல்ல எழுந்து, "கவனித்துக்கொள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய்.

திரும்பி வரும்போது என் சைக்கிளில் பின்னால் இருந்துகொண்டு, "ரெண்டு சொல்லும் சேந்தா வேற கருத்தாயிரும்கா" என்றாய். நான் பள்ளம் பார்த்துச் சைக்கிளை இறக்கினேன்.

பிறகு அகதி முகாம்களுக்கு வரும் வெளிநாட்டுக்காரருக்கு மொழிபெயர்க்க ஒரு பெண் தேவைப்பட்டாள். நேர்முகத்துக்கும் அதே சைக்கிளில்தான் போனோம். கடிதம் உனக்கு வந்தது. சந்தோசம் என்று உன் கையைப் பிடித்தேன். எனக்கில்லாத வேலை உனக்கும் நிலைக்கக்கூடாதென்று பிள்ளையாரிடம் கேட்டதை இன்றுதான் உன்னிடம் சொல்கிறேன்.

கல்குடாப் பக்கத்து முகாமுக்குப் புறப்பட்ட காலையில் எங்கள் வாசல் படலையடியில் நின்றாய். "நான் வாறமட்டும் அம்மாவப் பாத்துக்கொள்ளுகா."

"பொறகு பாப்பம்" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். உனக்கு விளங்கியது. அன்றுதான் அதற்குச் சிரித்தாய்.

பின்னேரம், உங்கள் வாகனம் கண்ணிவெடியில் அகப்பட்டதென்று செய்தி வந்தது. உன் அம்மாவிடம் அதைச் சொன்னது நான்தான். அன்றிலிருந்து அவருடன்தான் இருக்கிறேன்.

போன வருடத்திலிருந்து அவருக்கு ஆள் மட்டுக்கட்டத் தெரிவதில்லை. குளிக்க வார்ப்பதும் கஞ்சி பருக்குவதும் நான்; கூப்பிடுவது உன் பெயரை. இன்றைக்கும் குளிசையை விழுங்கிவிட்டு என் கன்னத்தைத் தடவி, "என்ட இங்கிலீசு படிச்ச புள்ள" என்றார். அங்கேயும் நீதான் முதலாவது. எனக்குப் பொறாமை போகவில்லை, போகவும் வேண்டாம்.

ஆனால் ஒன்று. முதலில் நீ பார்த்தாய், உனக்குப் பிறகு நான் பார்க்கிறேன். கொட்டிலில் நான் சொன்ன கருத்தில் பிழையில்லை. எனக்கும் ஒரு 'வெரி குட்' போடு.