பத்துக்கு ஆறு

மே 19
குளத்து அளவுகோலில் ஏழடி. போன வருடம் இதே நாளில் பதினொன்று. பருவ முன்னறிவிப்பும் வந்துவிட்டது: பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறியிருக்கிறது, இந்தப் பருவத்தில் மழை குறையப் பத்துக்கு ஆறு வாய்ப்பு. இருநூற்று நாற்பது ஆரஞ்சு மரங்களுக்கு இந்தத் தண்ணீர் காணாது. பாதிக்குக் காணும்.

மே 20
மேல் தோட்டத்தை வெட்டிவிட்டுக் கீழ்த் தோட்டத்தைக் காப்பாற்றலாம் என்றேன். மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை.
"மீதி நாலு இருக்கே அத்தை. காயை உதிர்த்துட்டு, கிளையைக் கழிச்சுட்டா தண்ணி கம்மியாப் போதும். ஜூன் கடைசி வரைக்கும் பார்ப்போம்."
"நான் படிச்ச கான்வென்ட்டுல நூத்துக்கு அறுபது வாங்கினா முதல் வகுப்பு. மீதி நாப்பது எங்கேன்னு யாரும் கேக்க மாட்டாங்க."
மருமகள் தட்டுகளைக் கழுவினாள். சத்தம் வாசல்வரை கேட்டது.

ஜூன் 8
மழை தொடங்கவேண்டிய நாள் தாண்டி ஐந்து நாள். ஆறடி. இலைகள் சுருள்கின்றன. ஆடி அசைந்து வேலை செய்வதால் எங்கள் மேஸ்திரிக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். அவரே ஓடிவந்து, "பாதியையாவது காப்பாத்துவோம்மா, இல்லன்னா மொத்தமும் போயிரும்" என்றார்.

ஜூன் 15
ஐந்தடிக்கும் கீழே.
மேல் தோட்டத்து மரங்கள்தான் வயதானவை. அத்தனையும் என் கணவர் தன் கையால் வைத்தவை. என்னை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள் – யாரைப் போய்க் கேக்கறது நான்? சொல்லுங்க.

ஜூன் 18
வெட்டியாயிற்று. நூற்று இருபது. நின்று எண்ணினேன். மருமகள் வெளியே வரவேயில்லை.

ஜூன் 27
மழை.

ஜூன் 30
நான்கு நாளாக விடவில்லை. குளம் நிரம்பி வழிகிறது. எக்ஸ்பிரஸ் தலையில் சாக்கோடு வந்து, "வறட்சின்னு சொன்னவங்களைக் கூட்டிட்டு வாங்கம்மா, குளத்துல ஒரு முக்கு முக்குவோம்" என்று சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். நான்தான் அதைப் பரீட்சை மதிப்பெண்ணாகப் படித்தேன். மருமகள் அப்போதே சொன்னாள். என் முகத்துக்கு நேரே சொன்னாள்.
ஒன்பது நாள். ஒன்பதே நாள்! என்ன அவசரம் எனக்கு? எல்லாம் தெரியும்ங்கிற திமிரு. வேறென்ன?

ஜூலை 11
அடுத்த பருவத்துக்கு மருமகள் இரண்டு திட்டம் எழுதியிருக்கிறாள். மழை குறைந்தால் ஒன்று, கூடினால் ஒன்று. பதினைந்து நாளுக்கு ஒருமுறை குளத்தைப் பார்த்து, எதன்படி நடப்பது என்று முடிவு செய்வாளாம். மரம் வெட்டுவது கடைசி வரியில் இருக்கிறது.
என்னை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 2
மேல் தோட்டத்தில் கன்று நட்டார்கள். காய்க்க ஐந்து வருடம். எனக்கு எழுபத்தெட்டு.
மருமகள் மண் கையோடு கூப்பிட்டாள். "வரிசை நேரா இருக்கா பாருங்க அத்தை."
மூன்றாவது கன்று ஒரு சாண் விலகி நின்றது.
"இருக்கு" என்றேன்.