வயரைக் கழற்றியது யார்

அன்பு மகளுக்கு,

வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, தம்பி பரீட்சை எழுதி முடித்துவிட்டான், நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்லப் பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் தம்பியின் பரீட்சையைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டேன். வேறு யாராவது உன் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அச்சகத்தில் என்னோடு வேலை செய்யும் ஒல்லி மாமாவுக்கு இரண்டு விரல் போனது உனக்குத் தெரியும். காகிதம் வெட்டும் மெஷினுக்குள் கை போனால் கத்தி தானாக நின்றுவிட வேண்டும், அதற்கு ஒரு சென்சார் உண்டு. அன்று காலை அது சும்மா சும்மா மெஷினை நிறுத்தியது, வேலை தேங்குகிறதே என்று அதன் வயரைக் கழற்றியது நான்தான். அவரிடம் சொல்லவும் இல்லை. அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய களேபரத்தில் யாரும் பார்க்காமல் திரும்ப மாட்டிவிட்டேன். சூப்பர்வைசர் என்ற முறையில், அவருடைய கவனக்குறைவு என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதற்குப் பிறகு எனக்குப் பிரஷர் ஏறிக்கொண்டே போனது. டாக்டர் சொல்லித்தான் பக்கத்துத் தெருவில் நடக்கும் பௌத்தத் தியான வகுப்பில் சேர்ந்தேன். நடத்துகிறவர் ஒரு நர்ஸ். வலி வந்தா வலி வந்திருக்குன்னு மட்டும் பாருங்க, என்னோட வலின்னு சேர்த்துக்காதீங்க என்பார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாவது வாரம் ஒருநாள், மூச்சு தானாக வருகிறது, இடுப்பு கடுக்கிறது, பயம் வருகிறது, போகிறது, இதெல்லாம் யாருக்கு நடக்கிறது என்று தேடினால் உள்ளே ஆளையே காணோம். வீட்டுக்கு ஓடி வந்து, நான்னு ஒருத்தனே இல்லையாம், அப்புறம் யார் மேல தப்பு என்று அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. நல்லதாப் போச்சு, அப்படியே போயி அவருக்கு விரலும் இல்லவே இல்லைன்னு சொல்லிட்டு வாங்க என்றாள்.

மறுபடி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இந்த முறை நெஞ்சு இறுகுகிற இடத்தையே பார்த்தேன். முப்பது வருஷத்தில் ஒரு புகார்கூட வாங்காத மனுஷன் என்ற நினைப்புதான் அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. அதைத்தான் நான் என்று இத்தனை நாளும் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் மகளே. அதுவும் வந்து போகிற நினைப்புதான். ஆனால் வயரைக் கழற்றியது நடந்தது, விரல் போனது நடந்தது. நேற்று ஒல்லி மாமா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்தார். இத்தனை நாளா என் தப்புதான்னு என் புத்தியச் செருப்பால அடிச்சுக்கிட்டிருந்தேன், எந்திரிச்சுப் போங்க என்றார். வந்துவிட்டேன். திங்கட்கிழமை முதலாளியிடம் நடந்ததை எழுதிக் கொடுக்கிறேன். வேலை போகும், கேஸும் வரலாம். பயம் வருகிறது. வரட்டும், அதைப் பார்த்துக்கொண்டே போகிறேன்.

நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடியட்டும், மனசு நிறைந்து இரு. தம்பிக்கு அடிக்கடி போன் பண்ணு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உங்க அப்பாவா இப்படிச் செய்தார் என்று யாராவது கேட்டால், எனக்காகச் சண்டைக்குப் போகாதே. ஆமாம், செய்தார் என்று சொல்.

உன் அப்பா