மகள் சுருக்கிச் சொன்னது

2 மே 2007, புதன். ரொம்மன், ஒஸ்லோ.

மழை. காலையில் பள்ளிக்கூடத்தில் கிளீனிங், மேல்மாடி மட்டும். முதுகு பிடித்துவிட்டது. வந்து சமைக்கவில்லை. நேற்றைய புட்டு இருந்தது.

பெட்டி அடுக்கியது: சல்வார் மூன்று, சேலை ஒன்று. சாமிப்படம், சின்னது. பனடோல். மிளகாய்த்தூள். ஊறுகாய்ப் போத்தல். (மகள் தர்சினி அதை வெளியே எடுத்து வைத்தாள். அவள் போனபிறகு திரும்ப உள்ளே வைத்தேன்.)

வெள்ளிக்கிழமை துருக்கிக்குப் போகிறோமாம். ஒரு கிழமை, ஏழு நாள். குளிர் தாங்காத நோர்வேக்காரர் வெயில் காயப் போகிற இடம். நான் கேட்கவில்லை. மகள் தானே பதிந்து, தானே லீவு எடுத்து, எல்லாம் முடிந்தபிறகுதான் எனக்குச் சொன்னாள்.

“ஒரே வீட்டுக்கை இருக்கிறியள். உங்களுக்கு ஒரு மாற்றம் வேணும் அம்மா.”

மாற்றம். இவர் போய் ஐந்து மாதம்கூட நிறையவில்லை. வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியமுன் கோயில் திருவிழாவுக்கே போகக்கூடாது. கடற்கரைக்கு மட்டும் போகலாமோ? சனம் என்ன கதைக்கும்? கேட்டேன். “ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ” என்றாள். சொல்லக்கூடாத பயணம் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

எனக்குத் தெரியும் என்ன இருக்கிறது என்று. பாதி தெரியும்.

ஒக்டோபரில் இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மூன்று பேரும். தொல்க் வேண்டுமா என்று கேட்டார்கள், மொழி மாற்றிச் சொல்கிற ஆள். இவர் வேண்டாம் என்றார். “எங்கடை பிள்ளை இருக்கிறா.” எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். தொல்க் வேலை செய்கிறவரும் எங்கள் ஆள்தானே, வீட்டு நோய் வருத்தம் பின்னேரமே ஊருக்குப் போய்விடும். டொக்டர் கனநேரம் கதைத்தார். ஒருக்கால் என்னைப் பார்த்தார், ஒருக்கால் இவரைப் பார்த்தார். பிறகு தர்சினி சொன்னாள்: “வயித்திலை புண்ணாம். மருந்து தருகினமாம். மாறுமாம்.” அவ்வளவுதான்.

கிறிஸ்மஸுக்கு முதல் கிழமை இவர் போய்விட்டார். அன்றைக்கு ஒரு நேர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லச் சொன்னாள், இவர் பிழைக்கமாட்டார் என்று ஒக்டோபரிலிருந்தே தெரிந்திருந்ததால் ஆயத்தப்பட நேரமாவது கிடைத்தது என்று. மெல்லச் சொன்னால் எனக்கு நோர்வேஜியன் விளங்கும்.

நான் மகளிடம் கேட்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை. எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். இவருக்குத் தெரியுமோ? தகப்பனும் மகளும் சேர்ந்து எனக்கு மறைத்தார்களோ? அல்லது அவள் எங்கள் இரண்டு பேருக்குமே மறைத்தாளோ?

கேட்க வாய் வருகுதில்லை. அவளின் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

4 மே, வெள்ளி. அலன்யா.

வெயில். பிளேனில் பக்கத்துக் கிழவி புறப்பட முதலே வைன் குடிக்கத் தொடங்கிவிட்டாள். இறங்கின உடனே எல்லோரும் கை தட்டினார்கள். ஏன் என்று கேட்டேன். “சும்மா” என்றாள் தர்சினி. சும்மாவாம்.

ஹோட்டல் துப்புரவு. கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். தூசி இல்லை. கெட்டிக்காரர்கள்.

சாப்பாட்டு அறையில் ஒரு தமிழ்ச் சோடி. பொட்டு வைத்த பெண்! தட்டைத் தூக்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் இருந்துவிட்டேன். ஒஸ்லோச் சனமென்றால் நாளைக்கே கதை பரவும், மனிசன் செத்து வருசம் திரும்பமுன் துருக்கியில் வெயில் காய்கிறா என்று.

பிறகு அவர்கள் கதைத்தது காதில் விழுந்தது. “என்னங்க, தயிர் எடுத்துட்டு வாங்க.” இந்தியாக்காரர். மூச்சு வந்தது. அவர்கள் எங்கள் ஆட்களோடு சேரமாட்டார்கள்.

5 மே, சனி.

கடல் நீலம். கால் மட்டும் நனைத்தேன். இவருக்குக் கடல் என்றால் வடக்கு நோர்வேயில் பாட்ஸ்பியோர்ட்தான், ஐஸும் மீன் நாற்றமும். பத்து வருசம் அங்கே பக்ரறியில் மீன் வெட்டினவர். ஊரை விட்டு வந்தபிறகு ஒருநாளும் சூடான கடலில் கால் வைக்கவில்லை.

தர்சினி பல்கனியில் போனில் நோர்வேஜியனில் கதைத்தாள். நான் வர நிப்பாட்டினாள்.

“ஆர்?”

“வேலையிலை. பிள்ளையள் பராமரிக்கிற இடத்திலை ஒராள் வருத்தமாம்.”

நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

திங்கட்கிழமை ஒரு பஸ் சுற்றுலாவாம். பழைய கடற்கரைப் பட்டணங்கள், இடிந்த கட்டடங்கள். வழிகாட்டி நோர்வேஜியனில் சொல்வாராம், அவள் எனக்குத் தமிழில் சொல்வாளாம். “பயப்படாதேங்கோ, எல்லாம் சொல்லுவன்.”

எல்லாம். அப்படியே சொன்னாள்.

7 மே, திங்கள்.

விடியவே எழும்பி, பஸ். மேலே வெயில், பஸ்ஸுக்குள் பனிக்காலம். போர்வை கொண்டுபோகாதது பிழை.

வழிகாட்டி ஒரு துருக்கிப் பெடியன், பெயர் மெஹ்மெத். முன்னுக்கு நின்று மைக்கில் கதைத்துக்கொண்டே வந்தான். நோர்வேக்காரர் சிரிக்கிறார்கள், ஆவென்கிறார்கள். தர்சினி என்னிடம், “இது வாழைத்தோட்டமாம்.” அவ்வளவு கதைக்கும் ஒரு வாழைத்தோட்டமோ? எனக்கு வாழை தெரியாதோ?

முதலில் அஸ்பெந்தோஸ். கல்லாலே வட்டமாகக் கட்டின பெரிய கூத்து மேடை. படி ஏற முழங்கால் விட்டுப்போய்விட்டது. கீழே மெஹ்மெத் நின்று மெல்லமாகக் கதைத்தான், மேலே எனக்குக் கேட்டது. அவன் சொன்னது நீளம். அவள் சொன்னது: “சத்தம் நல்லாக் கேக்குமாம்.” அதுதான் எனக்கே கேட்டதே!

இந்தியாக்காரச் சோடியும் இந்த பஸ்தான். பெண் பெயர் சுதா. புருசன் யூனிவர்சிட்டியில் ஏதோ ஆராய்ச்சி. அவளே வந்து பக்கத்தில் இருந்தாள்.

“ஆன்ட்டி, நீங்க தமிழா? அன்னிக்கு தூணுக்குப் பின்னாடி உக்காந்திருந்தீங்களே!”

கண்டுவிட்டாள்.

“ஓம் பிள்ளை. வெயில் குத்தினது.”

“நீங்க பேசறது கேக்க மலையாளம் மாதிரியே இருக்கு ஆன்ட்டி. ரொம்ப ஸ்வீட்டா.”

கோபம் வந்தது. விட்டுவிட்டேன். ஆள் உதவும் என்று தோன்றியது. அவள் இரண்டு வருசமாய் நோர்வேஜியன் வகுப்புக்குப் போகிறாளாம், பரீட்சை வருகிறதாம், மெஹ்மெத் சொல்கிறதை எல்லாம் புருசனுக்கு மொழிமாற்றிப் பழகுகிறாளாம். புருசன் படம் பிடித்துக்கொண்டு ‘ம், ம்’ என்கிறார்.

மத்தியானம் சீதே என்ற பட்டணம். கடலுக்குள் மூக்குமாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. சாப்பாடு: கத்தரிக்காய், ரொட்டி, வறுத்த மீன். மீன் பழசு. சுத்திச்சுத்தி நகைக்கடை, தோல்கடை. “அம்மா, அம்மா, யாழ்ப்பாணமா?” என்று தமிழில் கூப்பிட்டான் ஒரு துருக்கிக் கடைக்காரன்! எப்படித் தெரியும்? ஆர் சொல்லிக் கொடுத்தது? கையில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தேன்.

பிறகு மியூசியம். முந்தி குளிக்கிற மண்டபமாம். முற்றத்தில் கல்லுப் பெட்டிகள், பெரிசு பெரிசாய், பூவும் ஆட்டுத்தலையும் வெட்டினது. பார்த்த உடனே விளங்கிவிட்டது, சவப்பெட்டி. ஒன்றுக்கு முன்னால் மெஹ்மெத் நின்று எழுத்தைக் கையால் தடவித் தடவிச் சொன்னான். நோர்வேக்காரர் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் மனைவியின் தோளில் கை போட்டார்.

தர்சினியைப் பார்த்தேன்.

“பழைய கல்லுப் பெட்டியாமம்மா. சாமான் வைக்கிறது.”

முகம் மற்றப் பக்கம்.

அவள் கழிவறைக்குப் போன நேரம் சுதாவைக் கேட்டேன், அந்தப் பெடியன் என்ன சொன்னவன் என்று.

“அதுவா ஆன்ட்டி? அது ஒருத்தர் தனக்கும் தன் மனைவிக்கும் செஞ்சு வெச்ச சமாதியாம். அதுல எழுதியிருக்காம், இதுல நாங்க ரெண்டு பேர் மட்டும்தான், வேற யாரையும் வெக்கக்கூடாதுன்னு. அவருக்கு உடம்பு சரியில்லாம, சாகப்போறது தெரிஞ்சே செஞ்சிருக்கார்னு மெஹ்மெத் சொன்னார். மனைவியும் அவரும் சேர்ந்தே கல்லைத் தேர்ந்தெடுத்தாங்களாம். அது நெஜமா, டூரிஸ்டுக்கு விடற கதையான்னு தெரியல.”

அந்தக் காலத்துப் பெண்ணுக்குக்கூடச் சொல்லியிருக்கிறார்கள்.

கடலோரம். ஐந்து வெள்ளைத் தூண் மட்டும் மிஞ்சின கோயில். எல்லோரும் படம் எடுக்கிறார்கள். தர்சினி இரண்டு ஐஸ்கிறீமோடு வந்தாள். வாங்கவில்லை.

“சாமான் பெட்டியோடி அது?”

“என்னம்மா?”

“அந்தப் பிள்ளை சொல்லிப்போட்டா. வகுப்புக்குப் போய் இரண்டு வருசம் படிச்ச பிள்ளைக்கு விளங்கினது, அங்கை படிச்சு வளந்த உனக்கு விளங்கேல்லையோ?”

“சவத்தைப் பற்றிக் கதைச்சு உங்களை அழ வைக்கவோ இவ்வளவு தூரம் கூட்டிவந்தனான்?”

“டொக்டரும் கனக்கத்தான் கதைச்சவர். நீ மூண்டு சொல்லுச் சொன்னனி.”

நின்றுவிட்டாள். ஐஸ்கிறீம் கையால் ஓடி நிலத்தில். ஒரு ஜேர்மன்காரன் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினான், அவனுடைய படத்தில் விழுகிறோமாம். தள்ளி நின்றோம்.

“தெரியுமோ உங்களுக்கு?”

“கிறிஸ்மஸிலையிருந்து தெரியும்.”

“பிறகேன் கேக்கேல்லை?”

“நீயேன் சொல்லேல்லை?”

கல்லில் இருந்துவிட்டாள். குழந்தைப்பிள்ளைமாதிரி உதடு.

“டொக்டர் சொல்லி முடிய நீங்கள் ரெண்டு பேரும் என்ரை வாயைப் பாத்தனீங்கள் அம்மா. அந்தச் சொல்லை எனக்குத் தமிழிலை சொல்ல வரேல்லை. புண் எண்டு வந்திட்டுது. பிறகு நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம்... அப்பா சாகும்வரை நாளைக்குத்தான். இஞ்சை வந்தாவது சொல்லுவம் எண்டுதான் கூட்டிவந்தனான். மூண்டு நாளாய் வாய் வரேல்லை.”

“அப்பாவுக்கு விளங்கினதோ?”

இதைக் கேட்கத்தான் ஐந்து மாதம்.

“தெரியாது.”

“தெரியாதோ?”

“தலையாட்டினவர். யா, யா எண்டவர். டொக்டர், அப்பாவுக்கு விளங்கீட்டுது எண்டு நினைச்சிட்டார். எனக்குத்தான் தெரியேல்லை. அதைப்பற்றி அவர் என்னோடை கதைக்கவேயில்லை. நான் உங்களுக்கு மறைச்சது பரவாயில்லை அம்மா, நீங்கள் இருக்கிறியள், பேசுவியள், அடிப்பியள். சாகிற மனிசனையும் ஏமாத்திப்போட்டனோ? அதுதான் என்னைத் தின்னுது. நித்திரையே இல்லை.”

அப்போதுதான் கண்ணுக்குக் கீழே கறுப்பைப் பார்த்தேன். அவள் சொல்லை மட்டும் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறேன், முகத்தைப் பார்க்கவில்லை.

“அவருக்கு விளங்கினது” என்றேன்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“நோர்வேக்கு வந்து இருபது வருசம் வேலை செய்த மனிசன், டொக்டர் சொன்னது விளங்காதோ? கார்த்திகை மாதம் ஒருநாள் என்ரை கையைப் பிடிச்சு, நீ தனியச் சமாளிப்பாய்தானே எண்டு கேட்டவர். அப்ப எனக்கு விளங்கேல்லை. இப்ப விளங்குது. தெரிஞ்சுதான் இருந்தவர். உன்னிலை பிழை இல்லை எண்டுதான் பேசாமல் இருந்தவர்.”

“உண்மையாவோ?”

என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கிற அதே பார்வை. நான் கடலைப் பார்த்தேன்.

“சத்தியமாய்.”

அழுதாள். சத்தம் போட்டு. சுதா தூரத்திலிருந்து பார்த்தாள், பார்க்காத மாதிரித் திரும்பினாள். நல்ல பிள்ளை.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து ஒரே நித்திரை. வாய் திறந்து. மெஹ்மெத் மைக்கில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான், எழுப்பவில்லை.

8 மே, செவ்வாய்.

வெயில். தர்சினி பத்து மணி வரை நித்திரை. எழும்பி இரண்டு முட்டை சாப்பிட்டாள், தேன் ரொட்டியும். என் ஊறுகாயை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, “நல்லகாலம் கொண்டுவந்தியள்” என்றாள்.

இவர் அப்படி ஒன்றும் என்னிடம் கேட்கவில்லை. கையும் பிடிக்கவில்லை.

மீன் பக்ரறி நோர்வேஜியன் இவருடையது. கத்தி, பெட்டி, கோப்பி நேரம், சம்பளம். வடக்கு ஆட்கள் கதைக்கிறதுதான் பழக்கம், ஒஸ்லோ டொக்டர்மார் கதைத்தால் பிடிபடாது. விளங்கினால் திருப்பிக் கேள்வி கேட்பார். விளங்காவிட்டால்தான் யா, யா. இது எனக்கு மட்டும் தெரிந்த விசயம். பிள்ளைக்கு முன்னால் விளங்காதமாதிரி இருக்க அவருக்கு வெட்கம்.

அவருக்குத் தெரியாது. டொக்டரிடம் போய் இரண்டு கிழமையால் என்னைக் கூட்டிக்கொண்டு மலிவு விற்பனைக்குப் போனவர். குளிர் ஜக்கெற் ஒன்று வாங்கினார். நாவல் நிறம், தொப்பியோடு. ஆள் அப்போது பாதியாய்ப் போயிருந்தார், ஆனால் தன்னுடைய பழைய அளவைவிடவும் ஒன்று பெரிசாய் எடுத்தார். “புண் மாறி உடம்பு தேறினால் பத்தாமல் போயிடும்” என்றார். அடுத்த குளிருக்கு என்று விலைச்சீட்டைக்கூட வெட்டவிடவில்லை. சாகிறது தெரிந்தவன் செய்கிற வேலையோ அது?

தர்சினிக்கு அந்த ஜக்கெற் தெரியாது. அவள் தனியே வேற வீட்டில்.

இப்போது கோப்பியோடு வந்து என் பக்கத்தில் இருந்து சொல்கிறாள்:

“அம்மா, சனிக்கிழமை வந்து அப்பாவின்ரை உடுப்புகளைப் பிரிப்பம். இவ்வளவு நாளும் எனக்கு அந்த அலுமாரியைத் திறக்கப் பயம். இப்ப ஏலும்.”

“ஏன் அவசரம்?”

“அவசரமில்லை. ஏலும் எண்டு தோணுது.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

வெள்ளி இரவு போய் இறங்குவோம். அந்த ஜக்கெற்றை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறது? கீழே சாமான் அறை சரிவராது, அதன் பூட்டுத் திறப்பு அவளிடமும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என் கிளீனிங் அறை, வாளிகளுக்குப் பின்னால். அங்கே அவள் வரமாட்டாள். வீட்டுக்குள் போன உடனே, சப்பாத்துக் கழற்ற முன்னம், அலுமாரியை நான் முதலில் திறக்க வேண்டும். கெட்டிக்காரி. விலைச்சீட்டைக் கண்டால் அளவைப் பார்ப்பாள்.