முப்பது நாள் பூட்டு

மார்ச் 3
இன்றும் கணினியை மேசையிலிருந்து தள்ளிவிட்டுப் பார்த்தோம். மூலை மட்டும் நசுங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்காக எங்கள் நிறுவனம் செய்யும் மலிவு மடிக்கணினி, விழத்தான் செய்யும். மேலாளர் சிரித்தார். "விழுந்தா சரி, திருடு போனா?"

மார்ச் 5
முதல் அறுபதும் அக்கா வேலை பார்க்கும் பள்ளிக்கு. நான்தான் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். "ஒண்ணு காணாமப் போனாலும் என் தலைதான் உருளும்டி" என்றாள். அதனால் ஒரு பூட்டு வைத்தேன். வகுப்பில் நாங்கள் வைக்கும் சிறு வைஃபை பெட்டியோடு முப்பது நாள் தொடர்பில்லாவிட்டால் கணினி தானே பூட்டிக்கொள்ளும். திரையில் என்ன எழுத? "உறைக்கிற மாதிரி எழுதும்மா" என்றார் மேலாளர். எழுதினேன்: இது திருட்டுக் கணினி. உடனே பள்ளியில் ஒப்படைக்கவும்.
இரண்டு நிமிட வேலை.

ஏப்ரல் 17
பள்ளி இன்றோடு முடிந்து கோடை லீவு. தலைமையாசிரியரோடு மல்லுக்கட்டி, பிள்ளைகள் கணினியை வீட்டுக்கே கொண்டுபோக அனுமதி வாங்கிவிட்டாள் அக்கா. அவள் வகுப்பில் வாயாடி என்று அக்கா கூப்பிடும் ஒருத்தி, கணினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போனாளாம். சபாஷ் என்றேன்.

மே 3
பேட்டரி சூடாகிறது. என் மண்டையும்.

மே 18
அக்காவின் போன். நேற்று அறுபதும் பூட்டிக்கொண்டன.
லீவு நாற்பத்தைந்து நாள்! ஆபீசில் எட்டுப் பேர் உட்கார்ந்து இந்தப் பூட்டைப் பற்றிப் பேசினோமே, ஒருத்தருக்காவது தோன்றியதா? நாங்கள் லீவு என்ற ஒன்றைக் கண்டிருந்தால்தானே தோன்றும்.
"பெட்டிகிட்ட கொண்டுவந்தா ஒரு நிமிஷத்துல திறந்துடும்க்கா" என்றேன். அதற்கு அவள் சொன்னாள்:
"வாயாடியோட அப்பா அதைப் படிச்சுட்டார்டி. எங்க திருடினேன்னு கேட்டு அடிச்சிருக்கார். டீச்சர் குடுத்தாங்கன்னு கத்தியிருக்கா. மிஷினே சொல்லுது, நீ பொய் சொல்றியான்னு இன்னும் ரெண்டு. கை வீங்கிக் கெடக்கு."
நான் எழுதினதை நம்பி, பெத்த பொண்ண அடிச்சிருக்கார். ஐயோ, என்ன காரியம் பண்ணி வச்சேன் நான்?

மே 19
பூட்டையே எடுத்துவிட்டேன். பெட்டியோடு சேர்ந்ததும் எல்லாக் கணினியிலும் போய்விடும். "ஒரு பொண்ணுக்காகவா?" என்றார் மேலாளர். எழுந்து வந்துவிட்டேன்.

மே 20
அக்கா வாயாடியின் வீட்டுக்குப் போய், அது எங்கள் பூட்டின் வேலை என்று அவள் அப்பாவுக்கு விளக்கினாளாம். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம் மனிதர்.

ஜூன் 1
நானே பள்ளிக்குப் போனேன். அறுபதும் திறந்தன, ஒரே கூச்சல். வாயாடியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.
சாயங்காலம் எல்லோரும் கணினியைப் பையில் போட்டுக்கொண்டார்கள். வாயாடி மட்டும் துடைத்து வகுப்பு அலமாரியில் வைத்தாள். "இனிமே பூட்டிக்காதும்மா, எடுத்துட்டுப் போ" என்றேன். என் பக்கமே திரும்பாமல் அக்காவிடம் போனாள்.
"மிஸ், நான் வச்சதைப் பாத்தீங்கல்ல?"
"பாத்தேன்டா."
"அப்போ அதை எழுதிக் குடுங்க மிஸ். அப்பாகிட்ட காட்டணும்."
அக்கா எழுதிக் கொடுத்தாள்.