நீ தொழ ஓர் இடம்

அன்பு மகளுக்கு,

நீ இஸ்லாத்தைத் தழுவியபோது "இனி இந்த வாசப்படி மிதிக்காத" என்ற உன் அப்பா, ஞாயிற்றுக்கிழமை நீ வருகிறாய் என்றதும் பரவைக் கடைத்தெருவுக்குப் போய் மக்கா படம் வாங்கி வந்தார். மாலை போட்டு, சூடமும் காட்டினார்.

"என்னங்க, படத்தக் கும்பிட மாட்டாக. அல்லா ஒருத்தர்தான், அவருக்கு உருவமே கெடையாது. நபி அவரோட தூதர். அஞ்சு வேளை தொழணும்."

"பள்ளிவாசல்லயே படிச்சவ மாதிரி பேசுறியே!"

நீ வீட்டில் விட்டுச்சென்ற இஸ்லாம் பற்றிய புத்தகத்தை நான் வரிவரியாகப் படித்ததைச் சொல்லவில்லை.

மாலையைக் கழற்றினார். "பிள்ள எந்தப் பக்கம் பாத்துத் தொழுகும்?"

"மேக்க."

மேற்குச் சுவரை மறைத்த பீரோவைத் தனியாளாக நகர்த்தி, அந்தத் தரையைத் தானே துடைத்தார். இருபத்தைந்து வருடத்தில் அவர் தரை துடைத்து நான் பார்த்ததில்லை. எனக்கு அம்புட்டுப் பெருமை.

உன் அம்மா